புயல் அடிக்காத கடல்

சின்சினாட்டிக் கடலில் ஒருநாளும் புயல் அடித்ததில்லை என்று தியோ பிரிங்க்மேயர் அறிவித்தான். அறிவித்த இடம் மாதா கோயிலின் அடித்தளக் கூடம். இறைச்சி கூடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பதால் பேட்டையே மீன் வறுவலுக்காக அங்கே வரிசையில் நின்றது. வெளியே ஆலங்கட்டி மழை கார்களின் கூரைகளைப் பதம் பார்த்துக்கொண்டிருந்தது. தியோ அதைப் பொருட்படுத்தவில்லை. அவன் பேசியது, இந்த ஊரே கடலுக்கடியில் கிடந்த, நாற்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முந்தைய வானிலையைப் பற்றி.

“கடல் இருந்துச்சு, அதை ஒத்துக்கறேன்,” என்றான், யாரும் கேட்காமலே. “ஆனா அது குளம் மாதிரி கடல். காத்து கிடையாது, அலை கிடையாது. சிப்பிங்க எல்லாம் வயசாகி, மரியாதையா, படுத்த படுக்கையில செத்துச்சுங்க.”

வேறு ஊராக இருந்தால் இப்படிப் பேசுகிறவனைவிட்டு ஓரடி தள்ளி நின்றிருப்பார்கள். இந்த ஊரில் பாதிப் பேருடைய தோட்டச் சுவரே அந்தக் கடலின் சிப்பிக்கல்தான். நல்ல மழை பெய்தால் கொல்லைப்புறச் சரிவில் புதிதாக நாலு சிப்பி எட்டிப் பார்க்கும். ஆகவே வரிசையில் நின்றவர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொன்னார்கள். எண்ணெய்ச் சட்டியருகே நின்ற ஹெர்ப் கிளாஸ்டர்மன் மட்டும் கரண்டியை நிறுத்திவிட்டு யோசித்தார். பீர் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஊர்ப் புதைபடிவச் சங்கத்தின் தலைவரும் அவரே. இதைக் கண்டுபிடிக்க எவ்வளவு நாள் ஆயிற்று என்று விசாரித்தார். ஒரு மாதம் என்றான் தியோ. வருகிற சங்கக் கூட்டத்தில் கல்லோடு வந்து நிரூபிக்கப்போவதாகவும் சொன்னான்.

“நல்லது,” என்றார் ஹெர்ப். “உனக்கு மீன் ஒண்ணா, ரெண்டா?”

வரிசையில் பின்னால் நின்ற டேல் நீஹவுஸ் சிரித்தான். பொய்ச் சிரிப்பு இல்லை, மனதாரச் சிரித்தான். அவனிடம் தியோவுக்குப் பிடிக்காத விஷயங்களில் அது முதலாவது.

தியோவுக்குப் புயல்மேல் சொந்த விரோதம் எதுவும் கிடையாது. விரோதமெல்லாம் டேல்மேல்தான். புயல் டேலுக்கு வேண்டப்பட்டது என்பதால் அதுவும் சேர்ந்து மாட்டிக்கொண்டது.

இந்த ஊரில் இருவர் புதிதாகச் சந்தித்தால் முதல் கேள்வி, எந்தப் பள்ளிக்கூடம் என்பது. பதிலை வைத்தே கோயில், அப்பாவின் வேலை, கால்பந்து அணி எல்லாவற்றையும் கணித்துவிடுவார்கள். தியோவும் டேலும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு; இப்போது ஒரே கல்லூரியில் நிலவியல் கடைசி வருடம். போன அக்டோபர்வரை இவர்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. கல் பொறுக்கப் போகும்போது கார் தியோவுடையது, சுத்தியல் தியோவுடையது, இண்டியானா எல்லையில் சாலைக்காகக் குன்றை வெட்டிய அந்த உயரமான சுவரைக் கண்டுபிடித்ததும் தியோதான். டேலுடையது என்று இருந்தது தண்ணீர் பாட்டில்.

அந்த அக்டோபர் ஞாயிறு தூறல் போட்டது. தியோ காருக்குள் உட்கார்ந்து சாண்ட்விச் சாப்பிட்டுவிட்டு வருவதாகச் சொன்னான். டேல் இன்னும் ஒரே ஒரு கல்லைப் புரட்டிவிட்டு வருவதாகச் சொன்னான். சாண்ட்விச்சில் கடுகு விழுது போதவில்லை என்று தியோ டப்பாவைத் தேடி எடுத்து இன்னும் கொஞ்சம் தடவினான். அதற்குள் டேல் புரட்டிவிட்டான்.

அரைக் கதவு அகலத்துக்கு ஒரு பாளம். தரை பாவியது போல் சிப்பிகள். அந்தச் சிப்பிகளின் மேல், சட்டைப் பொத்தானில் ஆரம்பித்துக் காசு அளவுவரை, வட்ட வட்டமாக நட்சத்திரப் பிராணிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் வளைந்த ஐந்து கைகள். கால் இல்லாத ஜென்மங்கள். கெட்டியாக எதையாவது பற்றிக்கொண்டால்தான் பிழைப்பு. வெறும் சேற்றில் உட்கார்ந்தால் மூழ்கிப் போகும். அத்தனையும் இருந்த இடத்தில் இருந்தபடி, ஒரு கைகூட உடையாமல் கல்லாகியிருந்தன.

கடலடி முழுக்கச் சேறாக இருந்தது, பெரும்புயல் ஒன்று வந்து சேற்றை வாரிக்கொண்டு போய்ச் சிப்பிகளைச் சரளை மாதிரி பரப்பிவிட்டது, அந்தச் சரளையில் இவை குடியேறின, குட்டிகளும் பெருகின, பிறகு இன்னொரு புயல் ஒரே மூச்சில் சேற்றைக் கொட்டி மூடிவிட்டது என்பது டேலின் விளக்கம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கேட்டபோது அதையே சுருக்கிச் சொன்னான்:

“ஒரு புயல் வீடு கட்டிக் குடுத்துச்சு. அடுத்த புயல் கதவைச் சாத்திட்டுப் போயிடுச்சு.”

தியோவால் பொறுக்க முடியாதது இந்த வாக்கியம். நல்ல வாக்கியம். தான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம். காரில் வரும்போது எப்போதாவது தானே இதைச் சொல்லி, டேல் காதில் விழுந்திருக்குமோ என்று பல நாள் யோசித்தான். கடைசியில், சொல்லியிருக்கவே வாய்ப்பு அதிகம் என்று முடிவுக்கு வந்தான். அன்றிலிருந்து கடுகு சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டான்.

பத்திரிகைப் படத்தை வெட்டி வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியது யார் என்றால் தியோவைப் பெற்ற தாயார். நம்ம டேல், நம்ம டேல் என்று வந்தவர் போனவர்களுக்கெல்லாம் காட்டினாள். காலையில் முட்டை எடுக்கப் போனால் டேல் சிரிக்கிறான். ராத்திரி பால் எடுக்கப் போனால் டேல் சிரிக்கிறான். படத்தின் ஓரத்தில் ஒரு காரின் பின்பக்கம் கொஞ்சம் தெரியும். அது தியோவின் கார். படத்தில் அவன் பங்கு அவ்வளவுதான்.

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பான். தீவு இல்லையென்றால்.

பேராசிரியை ஸோல்வெய்க் ஹாகன் மின்னசோட்டாக்காரர். இந்தக் கல்லூரிக்கு வந்து இரண்டு வருடம். ஒவ்வொரு ஜூனும் கியூபெக் பக்கம் வளைகுடாவில் கிடக்கும் ஆன்ட்டிகோஸ்டி தீவுக்குப் போவார். அங்கே இதே காலத்துக் கடலடி, அடுக்கடுக்காகக் கரையோரப் பாறையில் கிலோமீட்டர் கணக்கில் திறந்து கிடக்கிறது. கூடாரத்தில் இடம் இல்லாததால் மாணவர் ஒருவரைத்தான் அழைத்துப் போவார். போகிறவன் பெயர் அவரோடு சேர்ந்து ஆய்விதழில் வரும். மேற்படிப்பும் அநேகமாக உறுதி. தியோ முதல் வருடத்திலேயே அதற்கென்று பூட்ஸ் வாங்கி, அது சின்னதாகி, மறுபடியும் வாங்கியவன். மார்ச் மாதச் சங்கக் கூட்டத்தில் மாணவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு யாரை அழைத்துப் போவது என்று சொல்வதாக ஹாகன் அறிவித்திருந்தார். டேல்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். இன்னும் அறிவிக்கவில்லையே என்று ஞாபகப்படுத்திக்கொண்டிருந்தவன் தியோ ஒருவன்.

டேலுக்கு ஒரு பழக்கம் உண்டு. கல்லைக் கடிப்பான். நிலவியல்காரர்கள் பலர் செய்வதுதான். பார்வைக்கு ஒரே சாம்பலாக இருக்கும் கல்லில் எது சேறு, எது பொடிமணல் என்று கண் சொல்லாது, முன்பல் சொல்லும். சேறு வெண்ணெய் போல வழுக்கும், மணல் நறநறக்கும். டேல் ஒரு பாளத்தின் விளிம்பில் அடியிலிருந்து உச்சிவரை சில்லுச் சில்லாகப் பெயர்த்து, வரிசையாகக் கடித்துத் துப்பிக்கொண்டே போவான். புயல் கலக்கிய கடல் அடங்கும்போது கனமானது முதலில் இறங்கும். சிப்பி, பிறகு மணல், பிறகு பொடிமணல், எல்லாவற்றுக்கும் கடைசியில் சேறு. ஆகவே அடியில் நறநறத்து, மேலே போகப் போக வழவழத்தால் அது புயல் போட்ட அடுக்கு என்பான்.

தியோ இதை நடித்துக் காட்டுவான். கேன்டீனில் சில்லி என்கிற இறைச்சிக் குழம்போடு தருகிற குட்டி பிஸ்கட் ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, ஓரமாகக் கடித்து, நாக்கில் உருட்டுவான்.

“ம்ம்... செவ்வாய்க்கிழமை. மத்தியானத்துக்கு மேல. தென்மேற்குக் காத்து. ஒரு சிப்பி கடைசியா அம்மான்னு கூப்பிட்டிருக்கு.”

மேஜையே சிரிக்கும். டேல் எல்லோரையும்விட அதிகமாகச் சிரிப்பான். ஒரு தடவை பையிலிருந்து நிஜக் கல் ஒன்றை எடுத்து நீட்டி, இதையும் ஒரு கடி கடித்துப் பார், வேடிக்கை போகட்டும், நிஜமாகவே தெரியும் என்றான்.

“எங்க வீட்டுல எனக்குச் சாப்பாடு போடுறாங்கடா,” என்றான் தியோ.

அதற்கும் டேல் சிரித்தான். ஒருவன் கோபப்பட்டால் அவனை வெறுப்பது எளிது. இவன் அந்தச் சின்ன உதவியைக்கூடச் செய்யவில்லை.

பிப்ரவரியில் பனி உருகியது. பனி உருகினால் அந்த வெட்டுச்சுவர் தானாகவே கற்களை உதிர்க்கும். தியோ தனியாகப் போனான். டேல் கேட்டதற்குப் பல் வைத்தியரிடம் போவதாகச் சொன்னான். சுவரின் காலடியில், உதிர்ந்து கிடந்த குவியலுக்கு நடுவே, உள்ளங்கைத் தடிமனில் ஒரு பாளம். ஒரு முகம் முழுக்கச் சிப்பி. சுமந்து வந்து, குளியல் தொட்டியில் கழுவி, சமையலறை மேஜைமேல் சிப்பி முகம் மேலே வருமாறு வைத்தான். அழகான முகம்தானே மேலே இருக்க வேண்டும்; படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி யார் மாட்டுவார்கள்?

வைத்துவிட்டு மறுபடியும் குனிந்து பார்த்தான். சிப்பிகள் எல்லாம் குழிவான பக்கம் வானத்தைப் பார்த்துக் கிடந்தன, வரிசையாகச் சின்னச் சின்னத் தட்டுகள் வைத்தது போல. நிலவியல் முதல் வருடத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது: நீரோட்டம் இழுத்தால் சிப்பி குப்புறப் புரண்டு கவிழ்ந்துகொள்ளும், கவிழ்ந்த கிண்ணத்தைத் தண்ணீரால் அவ்வளவு சுலபமாகப் புரட்ட முடியாது. குழி மேலே பார்த்துக் கிடந்தால் அங்கே இழுப்பு இல்லை, எல்லாம் மெதுவாக வந்து அமர்ந்தவை. விளிம்பைப் பார்த்தான். அடியில் வழவழப்பான சேறு, மேலே சிப்பி. சேற்றுத் தரை, அதன்மேல் நிதானமாக விழுந்து சேர்ந்த சிப்பி. காற்று கிடையாது, அலை கிடையாது.

புயலே இல்லாவிட்டால் டேலின் நட்சத்திரங்களுக்கு யாரும் வீடு கட்டிக் கொடுக்கவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. அவை ஏதோ கிடந்த சிப்பிமேல் ஏறி உட்கார்ந்து, ஏதோ ஒரு காலத்தில் செத்திருக்கின்றன. அந்த வாக்கியமும் செத்தது. ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்கப் போய், மாதக்கணக்கில் முதல் தடவையாக, டேலைப் பார்த்துத் தியோ புன்னகை செய்தான்.

ஒரு குறைதான் இருந்தது. சுவரிலிருந்து கல்லைப் பெயர்ப்பவர்கள், பெயர்ப்பதற்கு முன்பே மேல்பக்கம் காட்டி ஓர் அம்புக்குறி போட்டுவிடுவார்கள். வெளியே வந்த பிறகு கல்லுக்குத் தலை எது, கால் எது என்று சத்தியம் செய்ய அந்த அம்பைத் தவிர வேறு சாட்சி கிடையாது. உதிர்ந்து கிடந்த கல்லுக்கு அம்பு போட யாருக்கும் உரிமை இல்லை. தியோவுக்கும் இது தெரியும். ஆனால் இந்தக் கல்லில் எது மேல்பக்கம் என்பதுதான் பார்த்தாலே தெரிகிறதே. அம்மா ஃப்ரீஸர் டப்பாக்களில் தேதி எழுதும் பேனா கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. விளிம்பில், சேற்றிலிருந்து சிப்பியை நோக்கி, அழகாக ஒரு அம்பு போட்டான். பொய் சொல்வதாக அவனுக்குத் தோன்றவில்லை. வாய் இல்லாத கல்லுக்கு ஒத்தாசை செய்வதாகத் தோன்றியது.

ஒரு மாதம் அந்தக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். டேலை மடக்கவென்று ஆரம்பித்த பேச்சு, சொல்லிச் சொல்லி, அவனுக்கே வேதமாகிவிட்டது. மீன் வரிசையில் பேசியபோது அவன் விளையாடவில்லை. அந்தக் கடலின் அமைதியை அவன் காதால் கேட்டான்.

சனிக்கிழமை பிற்பகல் கூட்டம். கல்லூரியின் கீழ்த்தளக் கூடத்தில் மடக்கு நாற்காலிகள், டோனட் பெட்டிகள், ஊரிலுள்ள கல் பைத்தியங்கள் அத்தனை பேரும். முதலில் டேல் பேசினான். கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு, தரையைப் பார்த்து, தட்டுத்தடுமாறித்தான் பேசினான். அந்தச் சுவரைத் தனக்குக் காட்டிக்கொடுத்தவன் தியோ, அவன் இல்லையென்றால் இந்தப் பாளம் இல்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னான். தியோவுக்குக் காது சுட்டது. எடுத்துக்கொண்டதை வட்டியோடு திருப்பிக் கொடுப்பது போல இப்படிப் பொதுவில் நன்றி சொல்பவனை என்ன செய்வது?

பிறகு தியோ பேசினான். நன்றாகவே பேசினான். புயல் என்பது சோம்பேறிகளின் பதில் என்றான். நம் வீட்டில் பீங்கான் உடைந்தால் பூனை, கடலில் எது உடைந்தாலும் புயல் என்றான். கூட்டம் குலுங்கிச் சிரித்தது. பிறகு துணியை விலக்கிக் கல்லைக் காட்டினான். வரிசையாகத் தட்டுகள். சிரிப்பு அடங்கி, நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

ஹாகன் எழுந்து வந்து குனிந்தார். முதலில் அவர் கண் போனது அம்புக்குறிக்கு. அதைப் பார்த்ததும், கேட்க வந்த ஏதோ ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டார். விளிம்பை நகத்தால் வருடி, கீழே இவ்வளவு நைசான சேறு, படிப்படியாகத் தடித்துக்கொண்டே போய் மேலே சிப்பி, இது வினோதமாக இருக்கிறதே என்று தமக்குள் சொல்லிக்கொண்டார். வினோதம் என்ற சொல்லைத் தியோ பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

கூட்டம் கலையும்போது நடைபாதையில் அவனை நிறுத்தினார். ஒரு கல்லை வைத்துக்கொண்டு ஒரு கடலையே அடக்கிவிட முடியாது. ஆனால் தீவில் தம் பேச்சுக்கெல்லாம் தலையாட்டுகிற ஆளைவிட, எதிர்த்து நிற்கிற ஆள்தான் தமக்குத் தேவை என்றார். பின்னால் நாற்காலி மடக்கும் சத்தத்தில் அவர் அடுத்துச் சொன்னது தியோவின் காதில் சரியாக விழவில்லை. இந்த ஊரில் காதில் விழாவிட்டால் ‘என்ன’ என்று கேட்கமாட்டார்கள்.

“ப்ளீஸ்?” என்றான் தியோ.

மின்னசோட்டாவில் அந்தச் சொல்லுக்குக் கெஞ்சல் என்று மட்டும்தான் அர்த்தம். ஹாகனின் முகம் இளகியது. “கெஞ்ச வேணாம்ப்பா. நீதான்னு முடிவு பண்ணிட்டேன். ஜூன்ல கிளம்பறோம். திங்கட்கிழமை கல்லைக் கொண்டு வா, அம்பு தெரியற மாதிரி படம் எடுத்து இதழுக்கு அனுப்பிடலாம்.”

உலகம் ஒழுங்காகத்தான் இயங்குகிறது என்று தியோவுக்குப் பட்டது.

கல்லைக் காருக்குத் தூக்கிப் போக டேல் வந்தான். கூப்பிடாமலே வந்தான். செய்தி அதற்குள் அவனுக்கும் எட்டியிருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து, டிக்கியில் இறக்கும்போது ஜாக்கியில் இடித்து விளிம்பு உதிர்ந்தது. சில்லுகள் விரிப்பில் சிதறின. டேல் ஒன்றை எடுத்து, பேச்சுவாக்கில், பழக்கதோஷத்தில், வாயில் போட்டான். ஹாகன் சரியான ஆளைத்தான் எடுத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டிருந்தான். இன்னொன்றைப் போட்டான். பாதிப் பேச்சில் அவன் தாடை நின்றது. விளிம்பைப் பார்த்தான். அம்பைப் பார்த்தான்.

“என்னடா?” என்றான் தியோ.

“ஒண்ணுமில்ல.”

“பல்லு ஏதோ செய்தி வாசிக்குது போல.”

டேல் துப்பவில்லை, விழுங்கிவிட்டான் என்று தோன்றியது. “இந்த அம்பு எப்படா போட்ட?”

“கல்லைப் பேர்க்கும்போது. பின்ன எப்பப் போடுவாங்க?”

“சரி.”

“என்ன சரி?”

“சரின்னா சரிதான்.” டேல் தன் பையைத் திறந்து, புதுத் தொப்பி ஒன்றை எடுத்தான். சுற்றிலும் கொசுவலை தைத்தது, விலைச்சீட்டுகூடக் கிழிக்காதது. “ஜூன்ல அங்க கொசு ஆளைத் தின்னுடுமாம். இத வச்சுக்க. எனக்கு இப்ப இது எதுக்கு?”

தியோ வாங்கிக்கொண்டான். வாங்காமல் இருக்க ஒரு காரணம் தேடினான். கிடைப்பதற்குள் டேல் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமையை அவன் கொண்டாடியிருக்க வேண்டும். அம்மா கேக் செய்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் இனிமேல் அவன் படம்தான் என்று வாக்களித்தாள். தியோ கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டே டேலின் தாடை நின்ற இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தான். சண்டை போட்டிருந்தால் பதில் வைத்திருந்தான். ஹாகனிடம் கோள் சொல்லியிருந்தால் இன்னும் வசதி. பொறாமை பிடித்தவன் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவன் தொப்பி கொடுத்துவிட்டுப் போனான். அவன் வாய்க்குள் ஏதோ தெரிந்திருக்கிறது. தெரிந்ததை விழுங்கிவிட்டான். தீவில் ஒரு மாதம், அந்தத் தொப்பிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, டேல் தனக்கு எதையோ விட்டுக்கொடுத்ததைச் சுமந்து திரிய வேண்டும். திரும்பி வந்தால் மீன் வரிசையில் பின்னால் நின்று சிரிப்பான். மனதாரச் சிரிப்பான். இடத்தைப் பறித்தாகிவிட்டது. ஆனாலும் பொறாமை இம்மியும் குறையவில்லை. கண்டுபிடித்ததற்காகப் பொறாமைப்பட்டது போய், இப்போது சும்மா இருப்பதற்காகவும் பொறாமைப்பட வைத்துவிட்டான் பாவி.

திங்கட்கிழமை காலை தியோ கல்லைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனான். ஹாகனின் அறை பூட்டியிருந்தது. வகுப்பில் இருக்கிறார், முடிந்ததும் வருவார் என்று கதவில் சீட்டு. எதிரே நீளப் பெஞ்சு. கல்லை அதில் வைத்து, துணியை விலக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தான். நடைபாதை காலியாக இருந்தது. அம்பு பளிச்சென்று தெரிந்தது.

இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு எழுந்துபோய் மாடிப்படியையும் பார்த்துவிட்டு வந்தான்.

முதல் சில்லை அடி விளிம்பிலிருந்து பெயர்த்தான். அவன் கணக்கில் அதுதான் பழைய சேற்றுத் தரை. முன்பல்லில் வைத்து மெல்ல அழுத்தினான். வெண்ணெய். அதற்கு மேலேயிருந்து ஒன்று. வெண்ணெய்தான், ஆனால் எங்கோ ஒரு துளி உறுத்தல். அடுத்தது மாவு போல் உரசியது. அதற்கும் அடுத்தது நறநறத்தது. சிப்பிக்குப் பக்கத்தில் எடுத்தது பல்லையே கூச வைத்தது. நடுவில் எங்கும் ஒரு கோடு இல்லை, நிறுத்தம் இல்லை. தரை என்று ஒன்று முடிந்து சிப்பி என்று ஒன்று தொடங்கவே இல்லை. வழவழப்பிலிருந்து நறநறப்புவரை ஒரே சீரான ஏற்றம். ஒரே தடவையில் கலங்கி, ஒரே தடவையில் அடங்கியது. ஒரே ஒரு சிக்கல், அது தலைகீழாக இருந்தது. கனமானது மேலேயும் லேசானது கீழேயும் விழுகிற கடல் உலகத்தில் எங்கும் கிடையாது.

கல்லை இரண்டு கையாலும் பிடித்துப் புரட்டினான். சிப்பி முகம் பெஞ்சுக்குப் போயிற்று. குனிந்து, விளிம்பை ஓரக்கண்ணால் பார்த்தான். தட்டுகள் எல்லாம் இப்போது கவிழ்ந்த கிண்ணங்கள். இழுத்து, உருட்டி, குப்புறத் தள்ளி, மேலே மணலையும் சேற்றையும் கொட்டி மூடியிருந்தது ஏதோ ஒன்று. அவன் பார்த்ததிலேயே ஒழுங்கான, முழுமையான புயல். டேலின் பாளத்தில்கூட இவ்வளவு தெளிவாக இல்லை. அந்த எண்ணம் ஒரு கணம் இனித்தது. அடுத்த கணம் கண் அம்பின்மேல் விழுந்தது. அது நேராகத் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

இன்னொரு தடவை புரட்டிவிட்டால் போதும். படம் எடுப்பார், அனுப்புவார், ஜூனில் படகு. உலகத்தில் இதை அறிந்தவன் ஒருவன்தான், அவன் சொல்லமாட்டான். சாகும்வரை சொல்லமாட்டான். அதுதான் தாங்கக்கூடியதாக இல்லை. கூடாரத்தில் டேல் தூங்கட்டும், கொசு அவனைத் தின்னட்டும், ஆய்விதழில் அவன் பெயர் வரட்டும். அவனுக்குக் கடன்பட்டு மட்டும் இருக்க முடியாது.

படியில் ஹாகனின் காலடி கேட்டது. யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார். தியோ எழுந்து நின்றான். கல்லை இருந்தபடியே விட்டான், அம்பு கீழ்நோக்கி, அவர் வந்ததும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி. கோட்டுப் பையில் திணித்திருந்த கொசுவலைத் தொப்பியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை கட்டிப் பார்த்தான். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. பெஞ்சில் ஒரு சில்லு மிச்சமிருந்தது. ஒருவேளை தவறாகக் கடித்திருந்தால், என்று ஒரு நப்பாசை. அதை எடுத்து, கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவாகக் கடித்தான்.